அதுவும் இதுவும் அந்த இதுவும்

கல்லூரியில் புரோகிராமிங் படித்தால் கம்ப்யூட்டர் நமக்கு வேலை செய்யும் என்று நம்பித்தான் அண்ணி சேர்ந்தாள். ஆறு வாரமாக அவள்தான் அதற்கு வேலை செய்துகொண்டிருக்கிறாள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் போதும், திரை முழுக்கச் சிவந்துவிடும். குறிப்பறிந்து நடக்கத் தெரியாத ஜென்மம்!

பன்னிரண்டு வருடத்துக்கு முன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள். இப்போது நாத்தனாரோடு ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாத்தனாருக்கு வீட்டில் பட்டப்பெயர் வாலு. கல்யாணத்தன்று ஆறு வயது. அண்ணியின் புடவைத் தலைப்பைப் பிடித்தவள் இன்னும் விட்டபாடில்லை.

இந்தப் பாடத்திலிருந்து விலக இன்று நாலு மணிவரைதான் அவகாசம். இன்றைய பயிற்சியும் ஊற்றிக்கொண்டால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவதாக அண்ணி காலையிலேயே புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

பயிற்சி இதுதான்: இருபது பேர் மதிப்பெண்ணில் முதல் மதிப்பெண்ணையும் இரண்டாவதையும் கண்டுபிடிக்க வேண்டும். எண்களைப் போட்டுவைக்கும் டப்பாக்களுக்கு இஷ்டப்பட்ட பெயர் வைக்கலாம் என்றிருந்தார் மேடம். அண்ணி வாயில் வருவதையே வைத்தாள். கையில் எடுத்துப் பார்க்கும் எண் ‘இது’. இதுவரை வந்ததில் பெரியது ‘அது’. அதற்கு அடுத்தது ‘அந்தஇது’.

ஓட்டிப் பார்த்தாள். முதல் மதிப்பெண் 91. இரண்டாவதும் 91.

மேடம் குனிந்து படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். “என்னம்மா எழுதியிருக்கீங்க? இதைப் படிச்சா யாருக்காவது தலையும் புரியுமா, வாலும் புரியுமா?”

அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது. மணி மூன்றரை.

வாலு எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“அண்ணி, அதைத் தூக்கி அந்த இதுல வச்சப்புறம்தானே இதை அதுல வைக்கணும்? நீங்க முதல்லயே இதை அதுல வச்சுட்டீங்க. பழைய அது போயே போச்சு.”

அண்ணி இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். 91. 88.

“உனக்கு எப்படிப் புரிஞ்சுது?” என்றார் மேடம்.

“வீட்ல இதுதான் மேடம் பாஷை. ‘அந்த இதுல இருக்கிற அதை எடு’ன்னா அலமாரியில இருக்கிற கத்தரிக்கோல்.”

மேடம் சிரித்துவிட்டார். “நான் உங்க வீட்ல வளரலையே! பேரை மாத்துங்க. மத்தபடி புரோகிராம் சரி.” அடுத்த வரிசைக்குப் போனார்.

அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். “இன்னைக்கு நீ இருந்தே, சரி. இதெல்லாம் எனக்கு வராதுடி. ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“இருங்க, நானும் வரேன்.” வாலு பையிலிருந்து ஒரு விலகல் படிவத்தை எடுத்தாள். பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்டிருந்தது. “நீங்க இல்லாம இங்க எனக்கு என்ன வேலை?”

அண்ணிக்குக் கண் நிறைந்தது. கோபம் அதைவிட நிறைய வந்தது. படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

“பாதியில படிப்பை விடறது நம்ம வீட்ல என்னோட போகட்டும். நீ விட்டா நான் சும்மா இருப்பேன்னு நினைச்சியா?”

“அப்போ நீங்க?” என்றாள் வாலு.

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயர்களை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தாள்.