சமத்து, மண்டபம், ராங்கி

மூன்றுக்கும் அவள் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். நிஜப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. மூன்றும் ஒரே வேலையைச் செய்கிற மென்பொருள்கள்தான். எங்கோ ஒரு கூடத்தில் வயலின்காரர்கள், செல்லோகாரர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு நோட்டாக, அதாவது ஒவ்வொரு ஸ்வரமாக, வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே கீபோர்டில் விரல் வைத்தால் அங்கே வாசித்தவர்கள் ஒலிப்பார்கள்.

முதலாவது மண்டபம். அவ்வளவு எதிரொலி. ஒரு நோட் வாசித்தால் உலகமே கலங்குவது போல இருக்கும், நாலு நோட் வாசித்தால் நாலும் ஒன்றோடொன்று குழைந்து எது எதுவென்றே தெரியாது. இரண்டாவது சமத்து. எந்தக் கட்டையை அழுத்தினாலும், எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சரிங்க என்று வாசித்துக் கொடுக்கும். மூன்றாவது ராங்கி. விரல் வைத்துக் கொஞ்சம் தாமதித்துத்தான் வாயைத் திறக்கும். வில் கம்பியில் உரசுகிற கரகரப்பு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் மெட்டின் கடைசி நோட்டுக்கு வந்ததும் ராங்கி பேசவே இல்லை. அழுத்திப் பார்த்தாள், குத்திப் பார்த்தாள். ம்ஹூம். இலவசமாகச் சோதித்துப் பார்க்கக் கொடுத்த பதிப்பு, அதனால் பாதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

"கஞ்சப் பசங்க," என்று ராங்கியை மூடினாள்.

ஸ்டுடியோ கணினியில் நிரந்தரமாக ஏதாவது ஒன்றுக்குத்தான் இடம். எது என்று இன்றைக்கு முடிவாகிவிட வேண்டும், அதையும் அவள்தான் சொல்ல வேண்டும். மாஸ்டர் அப்படித்தான் சொல்லிவிட்டார். மாஸ்டர் என்றால் இசையமைப்பாளர். நல்ல மனுஷன், பயந்த மனுஷன். பேனா மூடிகளைக் கடித்தே தீர்த்துவிடுவார். இந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சிக்கு அவளையே இசை எழுதச் சொல்லியிருந்தார். வேலை போன ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கட்டிலில் உட்காருகிறாள். வசனம் கிடையாது. அவள் உட்கார உட்கார மெட்டும் கீழே கீழே இறங்கி, அவள் உட்கார்ந்ததும் கடைசி நோட்டில் உட்காரும். வயலின்கள் மட்டும்.

டைரக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மெஷின் வயலின் எனக்குப் பிரச்சினையில்ல. ஆனா எங்க அக்கா வயலின் வாசிக்கிறவ. அவ கேட்டு மூஞ்சியைச் சுளிச்சா எனக்கு வேண்டாம். நாலு மணிக்குக் கூட்டிட்டு வரேன்."

சுளிக்காவிட்டால் படத்தில் வயலின் இசைக்கு 'ஸ்ட்ரிங்ஸ்' என்று போட்டு அவள் பெயர் வரும். சுளித்தால் காட்சி குட்டி மாஸ்டருக்குப் போகும். அவன் பியானோவில் நாலு கட்டையைத் தட்டி முடித்துவிடுவான். அவள் பழையபடி அடுத்தவர்கள் வாசித்ததை வெட்டி ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

குட்டி மாஸ்டர் என்பது மாஸ்டரின் அக்கா மகனுக்கு ஸ்டுடியோ வைத்த பெயர். அவளுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள்: சவுண்டு. வேலையும் அதுதான், வாயும் அதுதான்.

"என்ன சவுண்டு, முடிவாச்சா?" குட்டி மாஸ்டர் கதவில் சாய்ந்து நின்றான். "ஏழு வயசுல என்னை வயலின் கிளாஸ்ல சேர்த்தாங்க. அந்தக் கட்டை வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு. நிஜ வயலின் பக்கத்துல உக்காந்து கேட்டவங்களுக்குத்தான் இந்த டூப்ளிகேட் எல்லாம் பிடிபடும். நீ கேட்டிருக்கேல்ல?"

"ம், கேட்டிருக்கேன்."

"எங்க?"

"காதுல."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் சொன்னது பொய். கேட்டதே இல்லை. அவள் வீட்டில் இதுவரை கல்லூரிப் படி ஏறியது அவள் மட்டும்தான். வயலின் என்பது செல்போனிலும், பஸ்ஸிலும், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற இயர்போனிலும் கேட்டது. நிஜம் எப்படி இருக்கும் என்று தெரியாதவளிடம், மூன்று பொய்யில் எது நிஜம் மாதிரி இருக்கிறது சொல்லு என்று கேட்டால் எப்படிச் சொல்வாள்? இதை யாரிடமாவது சொன்னால், அப்புறம் எதுக்கு இந்த வேலைக்கு வந்தே என்பார்கள். ஏழு வயதில் கிளாஸில் சேர்க்க ஆள் இருந்தவர்கள் மட்டும்தான் வரணும் போலிருக்கிறது.

அந்தக் கோபத்திலேயே சமத்தைத் திறந்து முழுதும் வாசித்து முடித்தாள். கடைசி நோட்டைச் சமத்து அள்ளிக் கொடுத்தது. கனமாக, கொழகொழவென்று, தரையே அதிரும்படி.

மாஸ்டர் கேட்டார், பின்னால் நின்று குட்டி மாஸ்டரும் தலையாட்டிக்கொண்டே கேட்டான். பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "அந்தக் கடைசி நோட்டு! அதும்மா! அதுலதான் உசுரே இருக்கு!" கையோடு போனில் டைரக்டருக்கும் அனுப்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வந்தது. "உருகிட்டாராம்மா மனுஷன். இதே சாஃப்ட்வேரை வச்சுக்கலாம். மத்த ரெண்டையும் தூக்கிடு."

தூக்குகிற வேலை இருக்கிறதே, அதில்தான் வந்தது வினை. அழிக்கிறதுக்கு முன்னால் ஒருமுறை ராங்கியைத் திறந்தாள். சும்மாதான். பூட்டு எங்கிருந்து எங்கே வரை என்று பார்க்கலாமே. வயலினில் ஒவ்வொரு கட்டையாக இறங்கினாள். ஓரிடத்தில் சத்தம் நின்றது. அதற்குக் கீழே இருக்கும் வயோலாவை எடுத்தாள். வயலினைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தது மாதிரி வாத்தியம். அது வயலின் நின்ற இடத்தைத் தாண்டி இறங்கி, வேறொரு இடத்தில் நின்றது. உட்கார்ந்து கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற செல்லோ இன்னும் கீழே போய் நின்றது. மூன்றும் வேறு வேறு இடத்தில்.

பூட்டுகிறவன் எதற்கு மூன்றையும் வேறு வேறு இடத்தில் பூட்டுவான்?

கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஒரு ஓட்டைக் கிட்டார் வைத்திருந்தாள். அதன் தடித்த கம்பியை விரலே வைக்காமல் மீட்டினால் வருகிறதுதான் அதன் அடி. அதற்குக் கீழே கிட்டாரில் எதுவும் கிடையாது. வயலினுக்கும் நாலே கம்பிதானே!

அது பூட்டே இல்லை. வயலின் அங்கேயே முடிந்துவிடுகிறது. ராங்கி வாயை மூடிக்கொண்டது ராங்கித்தனத்தில் இல்லை. அதனிடம் அந்த நோட் இல்லை, அதனால் இல்லை என்றது. சமத்துதான் கேட்டதைக் கொடுத்தே தீருவேன் என்று மேலே இருந்த நோட்டை இழுத்து, நீட்டி, உப்பவைத்துக் கொடுத்திருக்கிறது. உலகத்தில் எந்த வயலினும் வாசிக்க முடியாத நோட்டுக்கு மாஸ்டர் உருகியிருக்கிறார், டைரக்டர் உருகியிருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு வயலின்காரி வந்து உட்காரப் போகிறாள்.

போன் அதிர்ந்தது. அம்மா.

"என்னடி, பேர் போடுறது உறுதிதானே?"

"அம்மா, வேலையில இருக்கேன்."

"தையல் யூனிட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சூப்பர்வைசர் கூட, எழுத்து பெருசா வருமா சின்னதா வருமான்னு கேட்டாரு."

"ஏம்மா அதுக்குள்ள சொன்ன!"

"பெத்தவ சொல்லாம பின்ன யாருடி சொல்லுவா? உங்க அப்பா வேற வேன்ல ஏறுறவங்ககிட்டயெல்லாம் டிக்கெட்டோட சேர்த்துச் சொல்லிட்டிருக்காரு."

வைத்துவிட்டாள்.

மாஸ்டரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் முதல் கேள்வி, இது முன்னாடியே தெரியாதா உனக்கு? வாயை மூடிக்கொண்டு சமத்தையே போடலாம். டைரக்டரின் அக்காவுக்கு அந்த ஒரு நோட் தப்பிப் போனாலும் போகலாம். போகாவிட்டால்? யோசிக்க யோசிக்க நேரம் போனதே தவிர வேலை நடக்கவில்லை. கடைசியில் கைதான் முடிவெடுத்தது. ராங்கியில் மெட்டை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். தாமதமாக வாய் திறக்கிற ஜென்மம் என்பதால் ஒவ்வொரு நோட்டையும் திரையில் ஒரு மயிரிழை முன்னால் இழுத்துவிட வேண்டியிருந்தது. கடைசி நோட்டை வயோலாவிடம் கொடுத்தாள். கனம் இல்லை. அதுவரை ஒருத்தி பேசிக்கொண்டிருக்க, கடைசிச் சொல்லை மட்டும் அவள் தங்கை சொன்னது மாதிரி இருந்தது. தேறுமா தேறாதா, புரியவில்லை. கேட்கக் கேட்கக் காது மரத்துப்போனது.

அதற்குள் வாசலில் கார் சத்தம்.

டைரக்டரின் அக்கா எரிச்சலோடுதான் வந்தாள். ஒல்லியான, அவசரமான பெண்மணி. தோளில் வயலின் பெட்டி. "ரிகர்சலுக்குப் போற வழியில பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டான். சீக்கிரம் போடுங்க."

மாஸ்டர் தலையசைத்தார். அவள் ராங்கியில் செய்ததைப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இடதுகை விரல்கள் மடியில் தாமாக ஓடின, கூடவே வாசிப்பது மாதிரி. சவுண்டு திரையைப் பார்க்கவில்லை, அந்த விரல்களையே பார்த்தாள். கடைசி நோட் வந்ததும் விரல்கள் நின்றன. தலை வலது பக்க ஸ்பீக்கரை நோக்கித் திரும்பியது.

"வயோலாவுக்குக் கொடுத்துட்டீங்களா? ம்."

சுளிக்கவில்லை. சவுண்டு மூச்சு விடப் போன நேரம் டைரக்டர் வாயைத் திறந்தார். "இது இல்லையே! எனக்கு அனுப்பினதுல அந்த நோட்டு கும்முன்னு இருந்துச்சே?"

மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் பேனா மூடியே உருகியிருக்கும். "பழசைப் போடும்மா."

போட்டாள். சமத்து அள்ளிக் கொடுத்தது. அக்கா கண்ணைத் திறந்து சிரித்துவிட்டாள். "இது யாரு வாசிச்சது? அவங்க கையைப் பார்க்கணுமே நான்!"

"எதுக்குக்கா?"

"வயலின்ல இந்த நோட்டே கிடையாதுடா."

குட்டி மாஸ்டர் மெல்ல, "நிஜ வயலின் கேட்டிருக்கேன்னு சொன்ன?" என்றான்.

"பொய் சொன்னேன்," என்றாள் அவள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "கேட்டதே இல்ல. நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டவரு. காலையில இதைப் போட்டப்போ நீங்களும்தான் தலையாட்டினீங்க. உங்களுக்கு ஏன் தெரியல?"

அவன் வாய் திறந்து மூடியது, ராங்கி மாதிரி.

"இருந்தாலும்," டைரக்டர் தாடையைத் தடவினார், "எனக்குக் கும்முனு இருக்கிறதுதான் வேணும். பாக்குறவங்களுக்கு என்னக்கா தெரியப் போகுது?"

"உன் படம், உன் இஷ்டம்." அக்கா எழுந்து பெட்டியைத் தோளில் மாட்டினாள்.

இவ்வளவுதான், என்று நினைத்தாள் அவள். பொய் நோட்டுக்குப் பக்கத்தில் தன் பெயர். இல்லையென்றால் பெயரே இல்லை. விடுதி கிட்டார் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. சினிமாப் பாட்டு வாசிக்கக் கீழ் நோட் வேண்டும் என்று அறைத்தோழி ஒரு காரியம் செய்வாள். கம்பி வங்கென்று முனகும்.

"மேடம்," என்றாள். "கம்பியைத் தளர்த்தினா அந்த நோட்டு வருமா?"

அக்கா நின்றாள். "தளர்த்தினா கம்பி கோவிச்சுக்கும். நிக்காது. வழுக்கிட்டே போகும்."

"ஒரே ஒரு நோட்டுதான் மேடம். வழுக்கறதுக்குள்ள எடுத்துடலாம்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்தாள். தடித்த கம்பியின் முளையைத் திருகினாள். கிறீச்சென்றது. வில்லை வைத்து இழுத்தாள்.

அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. மூன்று மென்பொருளிலும் இல்லை. தளர்ந்த கம்பி கரகரத்தது, நடுங்கியது, அழுகைக்கும் இருமலுக்கும் நடுவில் எங்கோ நின்றது. அக்காவின் மூச்சு கூட அதில் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் காற்று நடுங்கி முகத்தில் படும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"இதுடா!" என்றார் டைரக்டர்.

"கத்தாத. மைக் எங்கே?" என்றாள் அக்கா.

ஏ.சி.யை நிறுத்தினார்கள். முதல் தடவை கம்பி வழுக்கியது. அடுத்த தடவை மாஸ்டரின் நாற்காலி முனகியது. மறுபடி முளையைத் திருகி அக்கா வில்லைத் தூக்கியபோதுதான் மேஜையில் இருந்த போன் ஞாபகம் அவளுக்கு வந்தது. எந்த நொடியும் அம்மா கூப்பிடுவாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அசைய முடியாது. நோட் ஒலிக்க ஒலிக்க அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பி அடங்கியது. அக்கா வில்லை இறக்கினாள். மாஸ்டர் கையை உயர்த்தினார்: போதும்.

அப்புறம்தான் போன் மேஜையில் துள்ளியது.

அக்கா கிளம்பிப் போனபின், ராங்கியின் வயலின்கள் இறங்கி வந்து நிற்கிற இடத்தில் அந்த ஒற்றை நோட்டை ஒட்டினாள். சமத்தையும் மண்டபத்தையும் அழித்தாள். "அந்த அக்கா பேரும் வரும், உன் பேரும் வரும்," என்றார் மாஸ்டர். "இனிமே தெரியாததைத் தெரியும்னு சொல்லாத." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அது தெரியாதும்மா," என்றார்.

படியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வருதும்மா. ஆனா முதல்ல இல்ல. படம் முடிஞ்சு கடைசில ஓடுமே, அதுல."

"கடைசிலயா? அதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடுவாங்களேடி!"

"நீ எழுந்திரிக்காத."

"நான் ஏன் எழுந்திரிக்கப் போறேன்? யூனிட் மொத்தத்தையும் உக்காத்தி வைக்கிறேன், யார் எழுந்திரிக்கிறான்னு பார்க்கிறேன்," என்றாள் அம்மா.