வேர்வைக்கும் அடிக்கும் மணி

மின்விசிறி ஓடியும் வகுப்பறை புழுங்கியது. பள்ளியில் பேச வந்திருந்த ஆராய்ச்சியாளன் தான் உருவாக்கிய மின்விரிப்பை மேசைமேல் போட்டு உப்பு நீரை ஊற்றினான். திரையில் ஒரு கோடு எழும்பியது. ஈரம் பட்டால் மின்னோட்டம் எப்படி மாறும் என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் குரல் அவனுக்கே தூக்கத்தை வரவழைத்தது.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"சார், எங்க தம்பிக்கு இது ஒண்ணு வேணும். இவ்வளவு பெரியவனாகியும் படுக்கையை நனைக்கிறான்."

வகுப்பே சிரித்தது. அவனும் உதட்டை அசைத்துவைத்தான்.

இடைவேளையில் இயற்பியல் டீச்சர் அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். இறந்துபோன அவன் மனைவியின் தங்கை.

"போன வருஷமும் இதே கதைதான் அத்தான். கை தட்டினாங்க, ஒருத்தியும் இயற்பியல் எடுக்கல. இன்னைக்குப் பத்துப் பேராவது சேரலைன்னா பிரிவையே மூடிடுவாங்க. அப்புறம் இந்தப் பிள்ளைங்க ஆசைப்பட்டாலும் படிக்க முடியாது."

"நான் என்ன பண்ணணும்?"

"அது எதுக்குன்னு சொல்லுங்க. அக்காவைப் பத்தி வேண்டாம். விரிப்பைப் பத்தி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

உள்ளே போனதும் திரையை அணைத்தான்.

"இது பிரசவம் ஆனவங்க படுக்கைல விரிக்கிறது. ரத்தம் அளவு மீறிப் போனா மணி அடிக்கும். போர்வைக்குள்ள போறது வெளியே தெரியாது. தூங்கறாங்கன்னு நினைச்சுடுவோம்."

தம்பியைப் பற்றிச் சொன்னவளே மறுபடி எழுந்தாள்.

"வேர்வையும் ஈரந்தானே சார்? ரத்தம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வேர்வைக்கும் மணி அடிக்குது. சும்மா சும்மா அடிச்சா நர்ஸுங்க பிடுங்கிப் போட்டுடறாங்க. எங்களால இன்னும் சரி பண்ண முடியல."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். விற்க வந்தவனே சரக்கைக் குறை சொல்கிறான்.

"அப்ப நாங்க படிச்சு வர்றப்போ அந்த வேலை மிச்சமிருக்குமா?"

"இருக்கக் கூடாது. ஆனா இருக்கும்."

அவள் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். "நீயும் எடுடி. தனியா என்னால முடியாது."

"கணக்கு நிறைய வருமா சார்?" என்றாள் இடிபட்டவள்.

"வரும்."

"போச்சு," என்றாள். ஆனாலும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாலையில் டீச்சர் வாசலில் வந்து நின்றாள். "பிரிவு தப்பிச்சுது, அத்தான்."

அவன் தலையசைத்தான். விரிப்பு இன்னும் காயவில்லை. காயட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.