ருக்குமணி முட்டை வியாபாரத்தின் வெள்ளைப் பிக்கப்

1

இந்தக் கதை ஓர் ஆம்லெட்டில் ஆரம்பித்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? எண்பத்தேழாம் வருஷம், தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு சௌராஸ்தா பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, முட்டை வாங்கப் போனேன். முட்டைக்கடை ருக்குமணி அக்கா நல்ல முட்டையைக் காட்டவில்லை. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த உடைந்த முட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இதை எடுத்துக்க தம்பி. இன்னைக்கு ஒடைஞ்சதுதான் நெறைய. புது பிக்கப் ஆடுது லா. என்னா பண்ணச் சொல்ற?"

"புது வண்டி ஏன்க்கா ஆடுது?"

"அது எங்களுக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம்" என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

அந்தப் பையைக் கொண்டுவந்து மூன்று நாள் ஆம்லெட் தின்றோம். முட்டை செரித்துவிட்டது, அந்த வாக்கியம் செரிக்கவில்லை. ஆகவே மிச்சத்தையெல்லாம் நானே இட்டுக்கட்டினேன். தயவுசெய்து யாரும் போய் அந்த அக்காவிடம் விசாரிக்காதீர்கள். எனக்கு மறுபடியும் அங்கே முட்டை வாங்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "பினாங்குப் பாலத்தின்மேல் விடியல் பொன்னிறமாய் விரிந்து, கடலலைகள் மெல்ல—"

[அடித்துவிட்டேன். என் மனைவி தவமணி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "இஞ்ச பாருங்கோ, முட்டை ஏத்தினவர் ரோட்டைப் பார்ப்பாரோ, விடியலைப் பார்ப்பாரோ?" என்று கேட்டாள்.]

இரண்டாம் தொடக்கம்: "பக்கிரிசாமி நல்ல மனிதர். ஆனால்—"

[முதல் வரியிலேயே 'ஆனால்' வந்துவிட்டால் அந்த மனுஷன் பாவம், கதை முடியும்வரை தலை தூக்க முடியாது. இதையும் அடித்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம். இதோடு போய்விடுகிறேன், எனக்கும் வயதாகிறது.

பக்கிரிசாமி, ருக்குமணியின் கணவர். பத்து வருஷமாக இருவரும் மோட்டார் சைக்கிளில்தான் முட்டை கொண்டுவந்தார்கள். அக்கரையில் கோழிப்பண்ணை, இக்கரையில் பாசார், நடுவில் ஃபெரி. அவர் ஓட்டுவார். பின்னால் ருக்குமணி மடியில் தட்டுத் தட்டாக முட்டையை அடுக்கி, தாடையால் மேல்தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். அப்படி வருகிறவர் பேச முடியாது. பத்து வருஷம் பயணம் செய்தும் அவர்கள் வழியில் ஒரு பேச்சு பேசியதில்லை.

அதற்குப் பிறகுதான் பிக்கப் வந்தது. புத்தம்புதுசு, பால் வெள்ளை. பெயிண்டரைக் கூப்பிட்டுக் கதவில் சிவப்பு எழுத்தில் 'ருக்குமணி முட்டை வியாபாரம்' என்று எழுத வைத்தது பக்கிரிசாமியின் யோசனை. மனைவியிடம் சொல்லாமல் செய்தார்.

ருக்குமணி கதவைப் பார்த்தார். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடியில் ஒன்றுமில்லை. பாலத்தில் ஏறியதிலிருந்து பண்ணை போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் பேசினார். பத்து வருஷப் பாக்கி அல்லவா? பக்கிரிசாமிக்குக் காது வலித்தது, மனசு குளிர்ந்து கிடந்தது.

3

வண்டி வாங்கிய வார வெள்ளிக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அடிவாரத்தில் பூசை நடந்தது. தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஐயர் வண்டி முகத்திலும் நாலு சக்கரத்திலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

திரும்பி வரும் வழியில், முதல் மரநிழலிலேயே பக்கிரிசாமி வண்டியை ஓரங்கட்டினார். துணியை எடுத்து ஒன்று விடாமல் துடைத்தார்.

"வெள்ளை பெயிண்ட் லா ருக்கு. மஞ்சக்கறை புடிச்சா போவாது."

ருக்குமணி ஒன்றும் சொல்லவில்லை.*

(* இந்த 'ஒன்றும் சொல்லவில்லை' என்ன என்று கல்யாணமான வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பொறுத்திருந்து தெரிந்துகொள்ளுங்கள்.)

மறுநாள் காலி வண்டியில் பண்ணைக்குப் போனார்கள். அக்கரையில் செபராங் ஜெயா தாண்டியதும் நீள ரோடு. வேகம் எழுபதைத் தொட்டது. வண்டி லேசாகக் குதித்தது.

[வொர்க்ஷாப்காரர்கள் யாராவது படித்தால் சிரிப்பீர்கள். சுமை ஏற்றாத பிக்கப் எல்லாமே குதிக்கும், அதன் ஸ்பிரிங் அப்படி. எனக்கும் கேட்டபிறகுதான் தெரிந்தது. பக்கிரிசாமிக்குத் தெரியாது. ருக்குமணிக்கோ வேறொன்று தெரிந்திருந்தது.]

"சாமி போட்ட சந்தனத்தைத் தொடைச்சீங்கள்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த வாரம் குதிப்பு போய் நடுக்கம் வந்தது. அதற்கடுத்த வாரம் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. கண்ணாடி தானாகத் திரும்பி மேகத்தைக் காட்டியது. முன்னால் ஒட்டிவைத்த முருகன் படம் எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷன் மாறி சீனப்பாட்டு பாடியது.

"எ-எ-என்னா-ங்-ங்க—"

"பே-பே-பேசாத, நா-நாக்கு கடி-ப-டும்!"

முன்சீட்டில் மறுபடியும் பேச்சு நின்றுபோனது. அதுதான் பக்கிரிசாமிக்கு முட்டை உடைவதைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. (முட்டையும் உடைந்தது. என் ஆம்லெட்டை மறந்துவிடாதீர்கள்.)

டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். முட்டைக்கடியில் மெத்தை விரித்தார். அறுபதுக்குக் கீழேயே ஓட்டிப் பார்த்தார். பின்னால் வந்த லோரிகள் ஹார்ன் அடித்தே கொன்றுவிட்டன. பட்டர்வொர்த்தில் ஆ செங் என்பவரின் வொர்க்ஷாப்பில் விட்டு, சக்கரத்தையெல்லாம் கழற்றி பேலன்ஸ் செய்யச் சொன்னார். சொல்லிவிட்டு எதிர்க் கோப்பிக்கடையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தன் வண்டியை இன்னொருவர் கழற்றுவதை அவரால் கண்கொண்டு பார்க்க முடியாது. ஆ செங் வந்து, "ஓகே லா, செமுவா சூடா" என்று எல்லாம் முடிந்ததாகச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனால் அதே ஆட்டம். மூன்று தடவை விட்டார். மூன்று தடவையும் ஓகே லா, மூன்று தடவையும் ஆட்டம்.

கடைசியில் பக்கிரிசாமி வெறுத்துப்போனார். "தைப்பூசத்துக்குள்ள நிக்கலன்னா, வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்துடுறேன். நமக்கு மோட்டார் சைக்கிள் போதும்."

"அப்ப கதவுல இருக்கிற பேரு?"

"சொரண்டிட்டுத்தான் எடுத்துக்குவாங்க."

ருக்குமணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

4

இங்கேதான் கதையும் ஆடத் தொடங்கியது. உள்ளே போன ருக்குமணி என்ன செய்தார்?

"தலையணையில் முகம் புதைத்து, இடியுண்ட கொடிபோல், கரை காணாத—"

[தவமணி பென்சிலை எடுத்து ஒரே கோடாக இழுத்துவிட்டாள். "பத்து வருசம் மடியில முட்டை பிடிச்ச மனுசி இப்பிடி விழுந்து அழுவாவோ?"]

அழமாட்டார்தான். எனக்கு வேறு ஒன்றும் தோன்றாததால், ருக்குமணியின் கையில் சும்மா ஒரு கிண்ணத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கிண்ணத்தில் என்ன என்று எனக்கே தெரியாது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பிக்கப்பை நோக்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கிண்ணத்தில் சந்தனம் இருந்தது. பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம். பக்கிரிசாமி குளித்துக்கொண்டிருக்கும் நேரம். ருக்குமணி இடது முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, கையைப் பின்புறமாக விட்டு, ரிம்மின் உள்பக்கத்தில் ஒரு பிடி சந்தனத்தை அப்பினார். வெளியே வைத்தால்தான் துடைத்துவிடுகிறாரே. அதன்மேல் குங்குமம், அதன்மேல் ஒரு துண்டு மல்லிகைச்சரம்.

"முருகா, அவர் தெரியாம தொடைச்சிட்டாரு. ஆட்டத்தை நிறுத்திக் குடு. என் பேரைச் சொரண்ட விட்டுடாத."

இது முதல் தடவையும் இல்லை. வண்டி லேசாகக் குதித்த அந்த வாரத்திலிருந்தே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுதான் நடந்திருக்கிறது. சாமிக்கு வைத்த பொட்டை இடம் மாற்றக்கூடாது என்று அதே சக்கரத்தில், அதே இடத்தில், பழையதன் மேலேயே புதியது. சக்கரம் சுற்றச் சுற்ற அது கல்லாக இறுகியது. ஒரு பக்கம் கனத்த சக்கரம் ஆடாமல் என்ன செய்யும்? ஆட்டம் கூடக்கூட ருக்குமணி சந்தனத்தைக் கூட்டினார். சந்தனம் கூடக்கூட ஆட்டம் கூடியது.

ஐயோ அக்கா, என்று எழுதும்போதே கத்திவிட்டேன். தவமணி எட்டிப் பார்த்தாள். நீங்களும் பார்த்துவிட்டீர்கள். பக்கிரிசாமி மட்டும் பார்க்கவில்லை, அவர் இன்னும் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

5

இதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பது? கதாசிரியன் கையில் மழை இருக்கிறது. பெய்ய விட்டேன்.

பினாங்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பாசார் ரோட்டில் முட்டி அளவு வெள்ளம். பிக்கப் பாதிச் சக்கரம் மூழ்கி, காலை முழுக்க நடுரோட்டில் நின்றது. உள்ளே இருந்த சந்தனம் கரைந்து போனது யாருக்கும் தெரியாது. தண்ணீர் வடிந்தபின் பக்கிரிசாமி பயந்துகொண்டே பாலத்தைத் தாண்டினார். எழுபது, எண்பது என்று வேகத்தை ஏற்றினார். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. முருகன் தலையாட்டவில்லை. ரேடியோ ஒரே பாட்டைப் பாடி முடித்தது.

"சாமி கேட்டுட்டாரு!" என்று ருக்குமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று பண்ணை வரைக்கும் பேச்சுதான். நன்றிக்கடனாக அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பிடி வைத்தார்.

சனிக்கிழமை பல் கழன்றுவிடும்போல் ஆடியது.

பக்கிரிசாமிக்கு ஆத்திரம் வந்தது. அன்று மனைவியைப் பாசாரில் விட்டுவிட்டு ஆ செங்கிடம் தனியாகப் போனார். கோப்பிக்கடைக்குப் போகவில்லை. இடுப்பில் கைவைத்து அங்கேயே நின்றார்.

இடது முன்சக்கரம் கழன்று வந்தது. உள்ளே இட்லி பருமனில் ஒரு மஞ்சள் கட்டி, குங்குமம், வாடாத பூ.

"இது என்னா?"

ஆ செங் சக்கரத்தை மரியாதையாகச் சுவரில் சாய்த்து வைத்தார். "இனி சாமி பூஞா லா! தா போலே பெகாங்!" என்றார். சாமியுடையது, தொடக்கூடாதாம். வந்த மூன்று தடவையும் மற்ற மூன்று சக்கரத்தையும் அப்பழுக்கில்லாமல் பேலன்ஸ் செய்துவிட்டு, இதை மட்டும் அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார். நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன், உங்களுக்குத் தெரியாதா, என்று அவர் மலாயில் கேட்டார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்கு முன்னால் ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்தாராம்.

பக்கிரிசாமி குனிந்து முகர்ந்து பார்த்தார். தன் வீட்டுச் சந்தனம். மரநிழலும் துடைத்த துணியும் நினைவுக்கு வந்தன. சிரிப்பு வரவேண்டிய இடம். நான் சிரிப்பைத் தயாராக எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னிடம் கோபித்துக்கொள்ளாமல், சண்டை போடாமல், ஒரு மனுஷி இத்தனை வாரம் சக்கரத்தடியில் குந்தி உட்கார்ந்து தனக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது, அவள்மேல் கொள்ளை ஆசையாகவும் இருந்தது.

"க்ளீன் பண்ணவா?" என்று ஆ செங் தயங்கிக் கேட்டார்.

"வேணாம். நீ தொடாத. நான் பாத்துக்கிறேன்."

6

முடிவுகள். கைவசம் உள்ளதைச் சொல்கிறேன்.

அ. உண்மையைச் சொல்கிறார். ருக்குமணி விழுந்து விழுந்து சிரிக்கிறார். சுபம். [தவமணி: "எந்தப் பொம்பிளையும் சிரிக்க மாட்டா. எழுதிப் பாருங்கோ, நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்."]

ஆ. சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை ருக்குமணி அப்புவார், சனிக்கிழமை பக்கிரிசாமி கழுவுவார். வாரத்தில் ஒரே நாள் ஆட்டம். சாகும்வரை இப்படியே. [எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில்தான் முட்டை ஏற்றுகிறார்கள்.]

இ. "ருக்கு, சாமி எல்லாப் பக்கமும் இருக்கிறாரு. சக்கரம் சுத்தி வட்டமா வையேன், நாலு சக்கரத்துக்கும் வையேன்" என்கிறார். எடை சமமாகிவிடும். [கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ருக்குமணி கேட்டால் என்ன சொல்வார்? நாலு நாள் யோசித்தேன். அப்புறம்— ]

7

தைப்பூசத்துக்கு முந்தின நாள். மறுநாள் வண்டியை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று சொல்லியாக வேண்டும். ருக்குமணி சாமி அறையில் இருக்கும் நேரம் பார்த்துப் பக்கிரிசாமி ரப்பர் குழாயை இழுத்துவந்தார். இடது முன்சக்கரத்தருகே, மனைவி குந்தி உட்கார்ந்த அதே இடத்தில் குந்தி உட்கார்ந்தார். "முருகா, மன்னிச்சிரு" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரைப் பீய்ச்சினார். கட்டி கரைந்தது. மஞ்சள் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடியது.

அது போய் நின்ற இடத்தில் இரண்டு கால்கள்.

நிமிர்ந்து பார்த்தார். ருக்குமணி. கையில் கிண்ணம். இருவருக்கும் நடுவில் கதவு, கதவில் சிவப்பு எழுத்தில் அவர் பேர். ருக்குமணி மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"மறுபடியும் தொடைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

போன தடவை, மரநிழலில், ருக்குமணி ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டார். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும். பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். நான் தவமணியைப் பார்த்தேன். தவமணி, "அடுப்பில கறி இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சௌராஸ்தா பாசார் பக்கமே போகவில்லை. போனால் முழு முட்டையா உடைந்த முட்டையா என்று தெரிந்துவிடும். வீட்டில் சார்டின் மீன் டின்தான் திறந்தோம்.

பக்கிரிசாமி இன்னும் குந்தி உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்துவிட்டார், வார்த்தைதான் வரவில்லை. கல்யாணமானவராக இருந்தால் நீங்கள் ஒரு நல்ல வாக்கியம் சொல்லிக்கொடுங்கள், ஆகாதவராக இருந்தால் யாரையாவது கேட்டு வாருங்கள். ஆனால் சீக்கிரம். குழாயை அவர் இன்னும் மூடவில்லை.