தெருமுனையில் நின்ற மேளம்

கதிரவன் மலைத்தொடரின் பின்னே சாய, நீரற்ற பாலாற்று மணற்பரப்பு பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் ஒளிர, தோல் பதனிடும் பட்டறைகளினின்று ஆவாரம்பட்டையின் துவர்மணம் எழுந்து அழையா விருந்தினன்போல் வீடுதோறும் நுழைய, ஆம்பூர் நகரம் அந்திப்பொழுதை எதிர்கொண்டது. நாடு விடுதலை பெற்றுச் சில்லாண்டுகள் கழிந்தபின் அவ்வூரில் நிகழ்ந்ததை, அன்புடையீர், கேண்மின்.

நெசவாளர் இரத்தினசாமியின் ஒரே மகள் பூங்காவனத்துக்கு மறுநாள் வைகறையில் திருமணம். திருப்பத்தூரிலிருந்து தொடர்வண்டியில் வந்திறங்கிய மணமகனை மாலை சூட்டி, குதிரைவண்டியில் ஏற்றி, நாகசுரமும் தவிலும் முழங்க அழைத்துவந்த அவர், தோல்தொழிலாளர் தெருமுனையை அணுகியதும் கையுயர்த்தி இசையை நிறுத்தினார். பட்டறையின் சுண்ணாம்புக் குழியில் உழைத்து நோயுற்ற துரைசாமி என்பான் அன்று நண்பகலில் இறந்திருந்தான்.

மணமகனின் தந்தை செங்கல்வராயனுக்கு முகம் சிவந்தது.

"இன்னா சம்பந்தி இது? மேளம் இல்லாம மாப்பிள்ளைய கூட்டினு போனா எங்க ஜனம் இன்னா பேசும்?"

"இந்தத் தெரு தாண்டற வரைக்கும் தாங்க. அங்க ஒருத்தி புருசன பறிகொடுத்துட்டு உக்காந்துனு இருக்கா."

"அப்ப நாங்க அடுத்த வண்டில ஊருக்குப் போய்டறோம்."

மகளின் வாழ்வை எண்ணி இரத்தினசாமியின் நெஞ்சம் தறியில் அறுந்த இழைபோல் துவண்டது. ஆயினும் உயர்த்திய கை தாழவில்லை.

அப்பொழுது புளியமரத்தின் பின்னிருந்து ஒரு குரல் எழுந்தது. துரைசாமியின் மனைவி முனியம்மா, மணக்கோலத்தில் இருப்பவன் கண்ணில் தான் படலாகாதென்று அங்கே மறைந்து நின்றாள்.

"நிறுத்தாதீங்கய்யா. வாழப்போற பொண்ணுக்கு ஊதற மேளம். அது போற வரைக்கும் நாங்க அழாம இருக்கோம்."

செங்கல்வராயன் தெருவினுள் நோக்கினார். பிணத்தைச் சூழ்ந்திருந்த பெண்டிர் முன்றானையால் வாய்பொத்தி, கரையுடைக்கும் வெள்ளம்போல் பொங்கிய அழுகையைத் தம்முள்ளே அடக்கித் தோள் குலுங்க அமர்ந்திருந்தனர். அவர் மிதியடிகளைக் கழற்றிக் கையிலேந்தி, மகனையும் வண்டியினின்று இறக்கி, ஓசையின்றி நடந்தார். கூட்டம் கடந்தபின்னரே முனியம்மாவின் ஓலம் எழுந்தது. அதன்பின்னும் நெடுந்தொலைவு நாகசுரக்காரர் சீவாளியில் வாய்வைக்கவில்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும், சுற்றத்தார் தடுத்தும் கேளாது, செங்கல்வராயன் துரைசாமியின் பாடைக்குப் பின்னே பாலாற்றங்கரைக்கு நடந்தார். உடன்சென்ற தொழிலாளி ஒருவன் வியந்து வினவினான்.

"அய்யா யாருங்க? செத்தவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"இது நான் பொண்ணு எடுத்த ஊருப்பா."

காவலும் தண்டமும் ஓர் ஊரைக் காக்கக்கூடும். அயல்வீட்டு அழுகையும் அயல்வீட்டு மங்கலமும் தம்முடையனவே எனக் கருதும் நெஞ்சங்களே அதனை ஊராக்குகின்றன.