மேசையின் உயரம்

வாளியை அவன் கீழே வைப்பதற்குள் கொழுந்தியாள் அறைக்கதவை மறித்துக்கொண்டாள்.

"நீங்க வெளிய இருங்க மாமா. அக்காவ நாங்க குளிப்பாட்டிக்கிறோம்."

"முதுகுல புண்ணு இருக்கு. அழுத்தித் தேய்ச்சிடாத."

"இனிமே என்ன மாமா வலிக்கப் போகுது?"

கதவு சாத்திக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து மனைவியைத் தன் கையால் குளிப்பாட்டியவன் ஈரக்கையோடு வாசலில் நின்றான்.

கிடங்கில் மூட்டை சுமக்கிறவன் அவன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. வேலை முடிந்து எவ்வளவு அலுப்பாக வந்தாலும், "மகாராணி எறங்குறாங்க" என்று அவளைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்குவான். "மூட்டைன்னு நெனச்சு தொப்புன்னு போட்டுடாதய்யா" என்பாள் அவள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்திடலாம். சின்ன டெஸ்ட்டுதான். யாரு வர்றா? இவங்களும் அசட்டையா இருந்துட்டாங்க."

"ஒக்காந்த எடத்துலயே இருந்த பொண்ணு. அதுக்கு என்ன தெரியும், பாவம்."

எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான். செத்தவள் தலையில் பழியைக் கட்டி அனுப்புவதைப் பொறுக்க முடியவில்லை.

"வந்தோமே" என்றான்.

நர்ஸ் திரும்பினாள். "எப்போண்ணே?"

எப்போது என்று கேட்கிறாள். முதல் தடவை போனபோது இதே நர்ஸ்தான் நாற்காலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகாதவங்களுக்கு இது தேவையில்லம்மா" என்றாள். "அப்போ வாசல்ல நிக்கிறது யாரு, வாட்ச்மேனா?" என்று இவள் கேட்க, காத்திருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். உள்ளே போனால் பரிசோதனை மேசை இவள் நெஞ்சுக்கு நின்றது. தூக்கிவிட ஆளில்லை. "எம் புருஷனக் கூப்பிடுங்க, ஒரே தூக்குல ஏத்திடுவாரு" என்று சொல்லிப் பார்த்தாள். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அடுத்த தடவை ஆள் வைக்கிறோம் என்றார்கள். அடுத்த தடவையும் ஆள் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்து அவளே ஏறப் பார்த்து, வழுக்கித் தரையில் விழுந்தாள். அது கதவுக்கு வெளியே நின்ற அவனுக்கும் கேட்டது.

"போதும்யா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். ரத்தம் படத் தொடங்கிய பிறகும் அந்த இடத்துப் பேச்சை எடுக்க விடவில்லை.

"மேசையில ஏத்த ஆளில்லன்னு திருப்பி அனுப்புனது நீங்க. அவள அசட்டைன்னு சொல்லாதீங்க."

நர்ஸ் கைப்பையின் வாரைத் திருகினாள். "நான் என்னண்ணே பண்றது? அங்க இருந்ததே நாங்க ரெண்டு பேரு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வேறு நாற்காலிக்குப் போனாள்.

சவ வண்டி வந்தது. வெள்ளைத் துணி சுற்றி அவளை வெளியே கொண்டுவந்தார்கள்.

"வண்டித் தட்டு கொஞ்சம் ஒசரம். நாலு பேரு வந்து புடிங்கப்பா" என்றார் ஓட்டுநர்.

சொன்னதுதான் தாமதம். கிடங்கு ஆட்கள், தெருக்காரர்கள், முகம் தெரியாதவர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ ஓடி வந்தார்கள். நர்ஸும் ஓர் ஓரத்தைப் பிடித்தாள்.

"நீங்க விடுங்கண்ணே, நாங்க இருக்கோம்ல."

அவன் இந்தப் பக்கம் வந்தான். அந்தப் பக்கம் போனான். கை வைக்க இடமில்லை.