மூன்று முதுகுகளும் ஒரு காலி வீடும்

சனிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிசியோதெரபிஸ்ட், கூடத்தில் தன் கணவரைக் கண்டாள். சோபாவின் கைப்பிடிக்கு இருபுறமும் கால் போட்டு, பாதி எழுந்த நிலையில், இல்லாத ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலையில் புது ஹெல்மெட். மார்பில் ஆமை ஓடு மாதிரி ஒரு கவசம்.

"மணல்ல உக்காந்து ஓட்டவே கூடாது," என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "நின்னு ஓட்டணும். பாரத்தைப் பின்னாடி தள்ளணும். பார்வை தூரத்துல இருக்கணும்."

அவரது பார்வை டிவியில் இருந்தது. அதில் மீசை முளைக்காத ஒருவன் மணல்மேட்டிலிருந்து பைக்கோடு பறந்துகொண்டிருந்தான். தரையில் சப்பணமிட்டு அதை ரசித்துக்கொண்டிருந்தவர் கணவரின் அண்ணன், டைல்ஸ் கடை முதலாளி. பக்கத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளர். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாததால் அவருக்குக் கேப்டன் என்று பெயர். கணவரோ காப்பீட்டு நிறுவனக் கிளை மேலாளர். ஊரிலுள்ள ஆபத்துகளையெல்லாம் அளந்து விலை போடுகிறவர். மூவருக்கும் சேர்த்து மோட்டார் சைக்கிள் அனுபவம் என்று பார்த்தால், கல்லூரி நாட்களில் யாருடையதோ ஒன்றின் பின்சீட்டில் உட்கார்ந்தது.

மூவரின் திட்டம் இதுதான்: குளிர்காலத்தில் பாலைவனம், ஊரிலிருந்து வேனில் மூன்று மணி நேரம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே மூன்று இரவு முகாம். வெயில் காலத்தில் மணல் காலைப் பொசுக்கும், குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும் என்று கேப்டன் ஏதோ தானே கண்டுபிடித்தது போல் விளக்கினார். சின்ன இன்ஜின் பைக், இறுகிய சமதரையில் முதல் நாள் பழக்கம், கூடவே பயிற்சியாளர். வீடியோவைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள்.

நாளெல்லாம் பிறர் முழங்காலை மடக்கியும் நீட்டியும் அவள் விரல் கணுக்கள் விண்விண் என்று தெறித்தன. மகள் விடுதியில். இவர்கள் புறப்பட்டுப் போனால் நான்கு நாள் வீடு காலி. டீ கேட்க ஆளில்லை, துண்டு எங்கே என்று கூப்பிட ஆளில்லை. அவளும் அதே நாட்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். எதற்கு என்று மருத்துவமனையில் கேட்டார்கள். "தூங்க" என்றாள். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

முதல் அபசகுனம் சமையலறையில் வந்தது. கணவரின் அண்ணன் தண்ணீர் குடிக்க வந்தவர் போல வந்து, கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, எனக்கு இடுப்புல ஒரு பிடிப்பு. நீயே சொல்லிடேன், நான் பைக்கெல்லாம் ஓட்டக் கூடாதுன்னு. நானா சொன்னா பயந்துட்டேம்பான் தம்பி."

"எப்பலருந்து மாமா?"

"முன்பணம் கட்டின அன்னைக்கே ஆரம்பிச்சுடுச்சு."

மறுநாள் லிஃப்டில் கேப்டன். தொப்பியைக் கழற்றினார். வழுக்கையில் வியர்வை.

"தங்கச்சி, முதுகுத்தண்டுல சுருக் சுருக்குனு குத்துது. நான் வராட்டியும் அவங்க போகட்டும். தியாகம்னு வச்சுக்கோ. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அன்று மாலை, போர்வைக்குள்ளிருந்து கணவரின் குரல். "எனக்குப் பயம்னு நினைச்சுக்காத. டிஸ்க் ஏதோ நகர்ந்த மாதிரி இருக்கு. அண்ணன்கிட்ட நீ சொல்லிடு."

மூவரும் தனித்தனியாகத் தியாகம் செய்தால் நான்கு நாளும் சோபாவில்தான் பாலைவனம் நடக்கும். அவள் விடுப்பு டீ போட்டே தீரும்.

அடுத்த ஞாயிறு, பயணம் பற்றிப் பேச எல்லோரும் கூடியபோது, மூவரையும் கூடத்திலேயே குப்புறப் படுக்கச் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரும் எதற்குப் படுக்கிறார்கள் என்று புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அவள் முறையாகவே பார்த்தாள். முதுகுத்தண்டில் எலும்பு எலும்பாகக் கட்டைவிரலை ஊன்றி அமுக்கினாள், காலைத் தூக்கிப் பார்த்தாள், குனியவும் திரும்பவும் சொன்னாள். தொழிலில் பொய் சொல்வது அவளுக்கு ஆகாது. நல்ல வேளை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"மூணு முதுகும் கல்லு மாதிரி இருக்கு," என்றாள். "தாராளமா போயிட்டு வாங்க."

மூன்று முதுகுகளும் அசையவில்லை. பிறகு கம்பளத்துக்குள்ளிருந்து கணவர் மெல்ல முகத்தைத் தூக்கினார். கிளை மேலாளரின் மூளை அங்கேதான் வேலை செய்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். நீயும் எங்ககூட வந்துடு. பிசியோ கூட இருந்தா பயமே இல்ல."

"ஆமாம்மா!" என்று எழுந்து உட்கார்ந்தார் அண்ணன். இடுப்புப் பிடிப்பு போன இடம் தெரியவில்லை.

"தங்கச்சி வந்தா போறோம், இல்லன்னா ரத்து," என்று கேப்டன் சங்கத் தீர்மானம் போல அறிவித்தார்.

நான்கு நாட்களும் அவள் கண்ணெதிரே போயின. கூடாரத்தில் மூன்று பேருக்கு முதுகு பிடித்துவிட வேண்டும், துண்டும் தேடிக் கொடுக்க வேண்டும், குளிரில். மறுத்தால் எல்லோரும் இங்கேயே.

"சரி," என்றாள். "வர்றேன்."

புறப்படும் காலையில் முகாமின் வேன் வாசலில் நின்றது. மூவரும் வீட்டிலேயே கவசம் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எதிர்வீட்டுக் குழந்தை பயந்து அழுதது. உள்ளே ஏற வைப்பதற்கு ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. கவசம் மடங்கவில்லை. கடைசி முட்டியையும் அவளே உள்ளே தள்ளினாள். பிறகு ஏறாமல் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.

"ஏய், நீ?" கண்ணாடிக்குப் பின்னால் கணவர்.

"வலிக்குத் தடவுற மருந்தை எடுக்க மறந்துட்டேன். நீங்க போங்க, பின்னாடி வர்றேன்." டிரைவரைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க தம்பி, வெயில் ஏறிடும்," என்றாள்.

மற்ற இருவரும் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் கிளம்பிவிட்டான்.

அவள் படியேறி, கதவைத் தாழிட்டு, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே விட்டு, கட்டிலில் விழுந்தாள். மதியம் தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.

"எங்க இருக்க?" கணவர் மூச்சு வாங்கினார். "கேப்டனை மணல்லருந்து தூக்கிட்டிருக்காங்க. அடி ஒண்ணும் இல்ல, தொப்பியைத்தான் காணோம். அண்ணன் இறங்க மாட்டேங்குறார், இன்னொரு ரவுண்டு இன்னொரு ரவுண்டுனு சுத்திக்கிட்டே இருக்கார். நான் நல்லாத்தான் ஓட்டுறேன். இந்த மணல்தான் வீடியோல பாத்த மணல் மாதிரி இல்ல. நீ எப்ப வர்ற?"

"வரலைங்க. தூங்குறேன்."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"பொய்யா சொன்ன?"

"ஆமா."

"முதுகைப் பத்தி?"

"அது நிஜம்."

முதுகு நிஜம் என்றதும் அவருக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது போலும், அந்த மணலில் என்ன கோளாறு என்று ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினார். ஈரம், காற்று, துகளின் பருமன் என்று வரிசையாகப் போனது. போன் தலையணையில் சரிந்து கிடந்தது. துகளின் பருமனுக்கு வருவதற்கு வெகு முன்பே அவள் தூங்கிவிட்டிருந்தாள்.