பேக்கப்புக்கு வாய்த்த கைராசி

உத்திரமேரூர் பஜார் தெருவில் நூர் டிஜிட்டல் ஸ்டூடியோ வைத்திருந்த இனாயத்துல்லா பாய் தங்கமான மனுஷர். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் பேக்கப்பைப் போட்டுவிட்டாரானால், அது முடிகிற வரைக்கும் அந்த மேசைப் பக்கம் ஒரு ஈ, காக்கா நடமாடக்கூடாது. எடுத்த கல்யாணப் படங்களெல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு குட்டிப் பெட்டிக்குள் இன்னொரு பிரதியாகப் போய்ச் சேரும், அதுதான் பேக்கப். அந்த நேரத்தில் மானிட்டர் மேல் ஜரிகை வைத்த பச்சைத் துணி ஒன்றைப் போர்த்துவார். அவர் மனைவி ஷாஹீதா தைத்துக் கொடுத்த துணி. வேலை நடக்கும்போது எவர் கண்ணும் படக்கூடாது, எவர் கையும் படக்கூடாது என்பது பாய் போட்ட சட்டம்.

சும்மா ஒன்றும் சட்டம் போடவில்லை மனுஷர். முந்தின வருஷம் பெருநகர் கிராமத்தில் எடுத்த கல்யாணப் படம் மொத்தமும், பழைய கம்ப்யூட்டர் படுத்தபோது அதோடு சேர்ந்து போய்விட்டது. பெண் வீட்டார் ஆல்பம் கேட்டு வந்து நின்றபோதுதான் குட்டு உடைந்தது. அதற்குள் பெண் முழுகாமல் இருந்தாள். பாய் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு பேருக்கும் மறுபடியும் மாலை போட்டு, பட்டு உடுத்திப் படம் எடுத்தார். தாலியை இரண்டாம் தரம் கட்டக்கூடாது என்று பெண்ணின் அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், மாப்பிள்ளை வெறுங்கையைப் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தார். வயிற்றைக் கம்ப்யூட்டரில் கரைத்தது கல்பனா. கொஞ்சம் தாராளமாகவே கரைத்துவிட்டாள். அந்த இடுப்பைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது.

இந்தக் கல்பனாதான் ஸ்டூடியோவின் டிசைனர். காவாந்தண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கல்யாணத்தில் கசங்கிப்போய் நிற்கிற மாப்பிள்ளை பெண்ணை வெட்டி எடுத்து, ஊட்டி மலைக்கு முன்னால் ஒட்டுவது அவள் வேலை. உரக்கடைக்காரர் மகளையும் ஒட்டியிருக்கிறாள், திருமுக்கூடல் பூசாரி தம்பியையும் ஒட்டியிருக்கிறாள். பஜாரில் பாதிப்பேர் அவள் தயவில் ஊட்டிக்குப் போய்வந்தவர்கள். அவள் மட்டும் போனதில்லை. குளிருகிற மலை ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்று உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வைகாசியில் அதற்கு வழி பிறந்தது. ஸ்டூடியோவுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த அம்முலு, தெருப் பெண்களைச் சேர்த்து ஊட்டிக்கு வேன் பேசினாள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, திங்கள் ராத்திரி திரும்புவதாக ஏற்பாடு. கல்பனாவுக்கு ஜன்னல் ஓரத்து சீட்டு.

"போய்ட்டு வாம்மா. அந்த மூணு நாள்ல முகூர்த்தம் இல்ல" என்று பாயும் வாயாரச் சொல்லிவிட்டார். கல்பனா அன்றைக்கே ஸ்வெட்டர் இரவல் வாங்கிவிட்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. பாய் புதிதாக வாங்கிய கேமராவைப் பழைய விண்டோஸ் சட்டை செய்யவே இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து சர்வீஸ்காரர் மோகன்குமார் வந்து, பழையதை எடுத்துவிட்டுப் புது விண்டோஸான எக்ஸ்பி போட்டார். கேமரா வேலை செய்தது. பேக்கப் நின்றுபோனது.

அதுவும் எப்படி நின்றது? மதியம் போட்டு, துணி போர்த்தி, எல்லாரும் சாப்பிடப் போவார்கள். திரும்பி வந்து துணியை விலக்கி மௌஸை ஆட்டினால், படம் ஏறுகிறதைக் காட்டும் நீலக்கோடு கொஞ்ச தூரம் போய் அப்படியே நிற்கும். மறுநாளும் அதே கதை. பெருநகர் மாப்பிள்ளையின் வெறுங்கை பாயின் கண்முன்னால் வந்து வந்து போனது.

மோகன்குமார் மறுபடி வந்தார். ஒயரை மாற்றினார். பெட்டியை மாற்றினார். வைரஸ் இருக்கிறதா என்று சலித்துப் பார்த்தார். அவர் மேசையில் உட்கார்ந்து மௌஸும் கையுமாகக் குடைந்துகொண்டிருந்த அன்றைக்கு, பேக்கப் ஒழுங்காக முடிந்தது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி சமர்த்தாக இருந்தது கம்ப்யூட்டர். அவர் காஞ்சிபுரம் பஸ் ஏறிய மறுநாள் பழையபடி நின்றது.

"இன்னாடா இது பேஜாராப் போச்சு" என்று பாய் தானே காவலுக்கு உட்கார்ந்தார். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டு, கை படாமல் உட்கார்ந்திருந்தார். நின்றது. மறுநாள் ஷாஹீதா, கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள். அப்போதும் நின்றது. சூடு தாங்கவில்லையோ என்று பெட்டிக்கு டேபிள் ஃபேன் வைத்தார்கள். மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கல்பனாவை உட்கார வைத்தார்கள். அதுவரை மதியச் சாப்பாட்டுக்கு அம்முலு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அன்றைக்கு ஸ்டூடியோவிலேயே தக்காளி சாதத்தைச் சாப்பிட்டாள். டப்பாவைக் கழுவினாள். சுவரில் இருந்த குழந்தைப் படங்களை எல்லாம் பார்த்து முடித்தாள். அதற்குமேல் பொழுது போகவில்லை. மெள்ளப் பச்சைத் துணியின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே, கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற சீட்டாட்டம் இருந்தது. பாய்க்குச் சீட்டுக்கட்டைக் கண்டாலே ஆகாது. கடைக்குள் ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. கல்பனா ஷட்டர் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஆடினாள். சாப்பாடு முடிந்து பாய் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆட்டத்தை மூடி, துணியை இழுத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பேக்கப் முழுசாக முடிந்திருந்தது.

மறுநாளும் முடிந்தது. அதற்கு மறுநாளும் முடிந்தது. உங்களுக்கு இந்நேரம் விஷயம் பிடிபட்டிருக்கும். அங்கே ஒருத்தருக்கும் பிடிபடவில்லை.

"இது கைராசிங்க" என்று ஷாஹீதா தீர்ப்புச் சொன்னாள். "சில பேர் கை அப்படி. நாம இன்னா பண்ணாலும் வராது."

தீர்ப்பு பஜார் முழுக்கப் பரவியது. இட்லிக்கடை மங்கம்மா, கோழிக்கு முட்டை அடை வைக்கக் கல்பனாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பதிமூன்று வைத்ததில் பன்னிரண்டு பொரிக்கவும், கைராசி பட்டா போட்டது மாதிரி உறுதியாகிவிட்டது. மரியாதையும் கூடியது. பாய் வீட்டிலிருந்து அவளுக்கென்றே கிண்ணத்தில் சேமியா வந்தது. கல்பனாவுக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஊட்டிக்குப் போகிற வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"கல்பனா, தப்பா நெனைக்காத. நீ மூணு நாள் இல்லன்னா பேக்கப்பு யாரு எடுக்கிறது?"

"பாய், நீங்கதான போய்ட்டு வான்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல. இந்த வாரம் நாலு கல்யாணம் கீது, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் ஏறணும். கேமராவுல அழிச்சுட்டா வேற பிரதி இல்ல. ஒண்ணு போனாலும் நான் எந்த மூஞ்ச வெச்சுக்கினு தெருவுல நடப்பேன்? அடுத்த வருஷம் நானே அனுப்பறேன், இன்ஷா அல்லா."

அவர் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால் கல்பனாவுக்கு எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. அம்முலு கடைக்குப் போய், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

"உன் சீட்டை வெள்ளிக்கெழம சாயந்திரம் வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள் அம்முலு. "அதுக்கு மேல என்னால ஆவாது. மங்கம்மா கேட்டுக்கினே கீது."

புதன்கிழமை கல்பனா ஷாஹீதாவுக்குக் கைராசி பழக்க ஆரம்பித்தாள். தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். தன் டப்பாவிலேயே தக்காளி சாதம் போட்டுக் கொடுத்தாள். தன் துப்பட்டாவையும் மாட்டிவிட்டாள். ஷாஹீதா எல்லாவற்றையும் பயபக்தியோடு செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பேக்கப் நின்றது.

"என் கை வெளங்காத கை" என்று ஷாஹீதா தன்னையே நொந்துகொண்டாள். அது கல்பனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் காவாந்தண்டலம் போய்ச் சேருகிற வரைக்கும் யோசித்தாள். அதே நாற்காலி, அதே சோறு, அதே துப்பட்டா. ஷாஹீதா அக்கா செய்யாத எதைத் தான் செய்கிறோம்? சீட்டாட்டத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நினைத்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

வியாழக்கிழமை அவளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடவில்லை. மௌஸைத் தொடவில்லை. துணியை மட்டும் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீலக்கோடு ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. குனிந்து பார்த்தால், பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கும் அணைந்திருந்தது. கம்ப்யூட்டர் சாப்பிட்ட மயக்கத்தில் படுத்துவிட்டது.

உடனே மோகன்குமாருக்கு போன் போட்டாள்.

"அண்ணா, கம்ப்யூட்டரத் தொடாம இருந்தா அது தூங்கிப்பூடுமா?"

"ஆமா. நான்தான் அப்படி வெச்சேன். கரண்டு பில்லு எகிறுது, எதுனா பண்ணுப்பான்னு பாய் கேட்டாரே. ஏம்மா, பேக்கப்பு ஓடறப்ப பக்கத்துல ஒருத்தரும் தொட மாட்டீங்களா?"

"இங்க தொட்டா கையை வெட்டிப்புடுவாங்கண்ணா" என்றாள் கல்பனா.

எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று மோகன்குமார் சொன்னார். தூங்கவே கூடாது என்று மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குக் கிளம்புமுன் பேக்கப்பைப் போட்டார். கல்பனா வேண்டுமென்றே ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, எதிரே அம்முலு கடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த பாய் துணியை விலக்கினார். முடிந்திருந்தது. ஷாஹீதா ஓடிப்போய்க் கல்பனாவைக் கூட்டி வந்தாள்.

"நானு நேத்தே சரி பண்ணிட்டேன் பாய். இனிமே யாரும் உக்கார வேணாம். அதுவா ஓடும். நான் ஊட்டிக்குப் போவலாமா?"

பாய் தாடியைத் தடவினார். "சரி பண்ணது யாரு? நீதான? எதிர் கடையிலதான் இருந்த? உன் கைராசி தெருவைத் தாண்டி வேலை செய்யுது. ஊட்டி வரைக்கும் போனா எட்டுமான்னு தெரியலயேம்மா."

கல்பனாவுக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் அம்முலு வேறு கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல பாய். நான் துணியத் தூக்கிட்டு சீட்டு ஆடினேன். தெனமும் ஆடினேன். மௌஸு ஆடிக்கினே இருந்துச்சா, அது தூங்கல. நீங்க கரண்டு மிச்சம் புடிக்கச் சொல்லி மோகன்குமார் அண்ணன் தூங்க வெச்சிருக்காரு. நீங்களும் அக்காவும் சட்டப்படி கையைக் கட்டிக்கினு உக்காந்தீங்க, அது தூங்கிப்பூச்சு. அக்கா கையில ஒரு கோளாறும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தாள்.

பாய் முகம் சிவந்தது. திட்டலாம் என்று பார்த்தால், அவள் சட்டத்தை மீறாமல் இருந்திருந்தால் நாலு கல்யாணமும் ஆபத்தில் இருந்திருக்கும். பாராட்டலாம் என்றால் சீட்டாட்டம். எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஷாஹீதா மட்டும் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்தவே இல்லை.

"காசு வெச்சு ஆடற ஆட்டமா அது?" என்று கடைசியில் கேட்டார் பாய்.

"ஒண்டியா ஆடறது பாய். காசும் இல்ல, ஆளும் இல்ல."

"போய்ட்டு வா. ஆனா ஒண்ணு. எனக்கு அந்தத் தூங்கற கீங்கறதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. போறதுக்கு முன்னாடி அக்காவுக்கு அந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. ஒரு பாதுகாப்புக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊட்டியில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் கல்பனா. இரவல் ஸ்வெட்டர் பத்தவில்லை, பல் தந்தியடித்தது. அவள் ஒட்டின மலையெல்லாம் அட்டை மாதிரி அசையாமல் நிற்கும். இது மேகத்துக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மங்கம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சீட்டு என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது. ஆனாலும் சாப்பாட்டு நேரம் ஆனதும் மனசு கேட்கவில்லை. எஸ்.டி.டி. பூத் தேடிப்போய் ஸ்டூடியோவுக்கு போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஷாஹீதா எடுத்தாள்.

"அக்கா, பேக்கப்பு?"

"ஓடுது, ஓடுது. நீ மலையப் பாரு" என்றாள் ஷாஹீதா. அவள் குரல் அவசரமாக இருந்தது. "நான் போன் எடுக்க எழுந்து வந்த நேரத்துல என் எடத்தப் புடிச்சுக்கினாரு."

"யாருக்கா?"

ஷாஹீதா ரிசீவரை அந்தப் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. முன்னூறு மைலுக்கு அப்பாலிருந்து, துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி மொத்தையாக, பாயின் குரல் கேட்டது.

"ஷாஹீதா, போன வெச்சுட்டு வா சீக்கிரம். கருப்பு பத்து வந்துடுச்சு, செவப்பு ஜாக்கி எங்க கீது பாரு."